கோல்கீப்பர் பெண்ணின் கார்

நவம்பர் மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில், பதினெட்டாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபடி ட்வைட் ஒரு பொய் சொன்னான்.

சொல்லும்போது அது பொய் மாதிரியே இல்லை. கையெல்லாம் கிரீஸ். முதுகுக்குக் கீழே சிமென்ட் தரை பனிக்கட்டியாய்ச் சுட்டது. போனை நெஞ்சின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தான். காலேஜ் விளையாட்டு விதிமுறை ஆபீஸிலிருந்து மிசஸ் டூலி பேசினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பேசுகிற அந்தத் தன்மையான குரல்.

"ஒரு சின்ன விஷயம் மிஸ்டர் ஹோஸ்டெட்லர். நம்ம கோல்கீப்பர் பொண்ணு யெசீனியா காருக்கு நீங்க பிரேக் மாத்திக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க. அக்டோபர்ல."

"சும்மா செஞ்சு குடுத்தீங்களா, இல்ல அந்தப் பொண்ணு காசு குடுத்துச்சா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும், காலேஜ் பெண்கள் கால்பந்து டீமில் உதவி கோச்சாக இருக்கும் மனைவி கோரின் சமையலறையில் நின்று விதிப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். மறுநாள் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று. கோச்சோ, கோச்சின் வீட்டு ஆளோ, விளையாடுகிற பிள்ளைக்கு எதுவும் சும்மா தரக்கூடாது. எப்போதாவது ஒருவேளைச் சாப்பாடு போடலாம். கோட்டு தரக்கூடாது. பஸ் டிக்கெட் எடுத்துத் தரக்கூடாது. பிரேக் என்று அதில் எழுதியிருக்கவில்லைதான்.

"குடுத்துச்சுங்க. வாங்கிட்டேன்" என்றான்.

 அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற ஓசை வந்தது.

"அப்படியா? சரி. அதையே ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில எனக்குக் குடுத்துடுங்க. ரோடு வழுக்குது, பாத்துப் போங்க."

பஸ் ஷெட் மேஸ்திரி ஆர்லோ குனிந்து எட்டிப் பார்த்தான். "என்னப்பா, பொண்டாட்டியா? மான்டானாவுக்கு மூட்டை கட்டச் சொல்லிட்டாளா?"

"இன்னும் இல்ல."

"நீ போய்ட்டா இந்தப் பதினெட்ட யாருய்யா கட்டி மேய்க்கிறது? இது உன் ஒருத்தன் பேச்சத்தான் கேக்குது. என்னைப் பாத்தா இருமுது."

ட்வைட் சிரித்தான். ஆனால் ஸ்பேனரை மறுபடி எடுத்தபோது, எந்த போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

*

கோரின் இந்தத் தொழிலுக்கு வந்தபோது சம்பளமே கிடையாது. கான்சாஸில் ஒரு சின்னக் காலேஜ். பந்துக்குக் காற்றடிப்பது, வியர்வை ஜெர்ஸிகளைத் துவைப்பது, பதினைந்து பெண்களை ஏற்றிய வேனை விடிய விடிய ஓட்டுவது, இதெல்லாம்தான் உதவி கோச் வேலை. அதிலிருந்து தெற்கு டகோட்டா. அங்கே பெரிய கோச்சை டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாய் வருகிறவன் தன் ஆட்களோடு வருவான். பழைய உதவிகள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அயோவாவில் இரண்டு இடம். அப்புறம் இந்த நெப்ராஸ்கா ஊர். நாலாவது வருஷம் நடக்கிறது. ஊர் மாறும்போதெல்லாம் ட்வைட் ஒரு டயர் கடையிலோ தானியக் கிடங்கிலோ பஸ் ஷெட்டிலோ கடைசி ஆளாகச் சேருவான். கடைசி ஆளுக்குத்தான் விடியற்காலை ஷிப்ட். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் நாலரை மணிக்குப் போய் வரிசையாக இருபத்திரண்டு டீசல் எஞ்சின்களை உசுப்பிவிட வேண்டும். மகள் லிண்டிக்குப் பதின்மூன்று வயதுக்குள் நாலு பள்ளிக்கூடம்.

இவ்வளவுக்கும் சேர்த்து, போன சனிக்கிழமை மான்டானாவிலிருந்து போன் வந்திருந்தது. இரண்டு நாள் அங்கே தங்கி எல்லோரிடமும் பேசிவிட்டு வந்தவளிடம், "நீங்கதான் எங்க கோச்" என்றார்கள். முன்னால் உதவி என்ற சொல் இல்லாத கோச். வேலை ஆர்டர் மட்டும் பேப்பரில் வரவேண்டும். அதற்கு முன் இங்கே விசாரிப்பார்கள், அது வழக்கம்தான். கோரின் அன்று போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ட்வைட் பக்கத்தில் உட்கார்ந்தான்.  லிண்டி வந்து பார்த்துவிட்டு, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

செவ்வாய் சாயங்காலம் கோரின் சில்லி வைத்திருந்தாள். இந்தப் பக்கத்தில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியோடு இலவங்கப்பட்டை ரோல்தான் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய ருசி. லிண்டி ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்தபடி கேட்டாள்.

"மான்டானா ஸ்கூல்ல ஆர்கெஸ்ட்ரா இருக்காம்மா?"

"இருக்குடி. கேட்டுட்டேன்."

"நெசமாவா, இல்ல அயோவா மாதிரியா? அங்கயும் இருக்குன்னுதான் சொன்ன. போய்ப் பாத்தா ரெண்டு பேரும் ஒரு டிரம்மும்."

"இது நெசம். நான் இப்ப பெரிய கோச். பெரிய கோச்சோட பொண்ணுன்னா ரெண்டு டிரம் வச்சிருப்பாங்க."

லிண்டி சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனாள். அவள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகு ட்வைட் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று விஷயத்தைச் சொன்னான். அக்டோபரில் டீம் சாப்பாட்டுக்குப் பெண்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை. யெசீனியாவின் கார் தெரு முனையில் திரும்பும்போதே இரும்பும் இரும்பும் தேய்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. பெண்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் வெளியே சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் பேடு தேய்ந்து தகடு மட்டும்தான் இருந்தது. வீட்டு ஷெட்டில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து பேடு எடுத்துப் போட்டான். இல்லாவிட்டால் அந்தத் தேய்ந்த பிரேக்கோடு சொந்த ஊரான கார்டன் சிட்டிக்கு அஞ்சு மணி நேரம் அந்தப் பெண் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே.

கோரின் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதி வைக்கணும். சொல்லாட்டி உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாம இருந்தாத் தப்பு என்னோடதுன்னு நெனச்சேன்."

"வீட்டுக்காரன் செஞ்சா நான் செஞ்ச மாதிரிதான் ட்வைட். அதையுந்தான் வருஷா வருஷம் படிக்கிறேன்." துண்டை ஆணியில் மாட்டினாள். "பரவால்ல. பிரேக் ஒரு பெரிய விஷயமே இல்ல. அந்தப் பொண்ணு அந்தப் பிரேக்கோட விலைய எங்கயாச்சும் தர்மத்துக்குக் குடுத்தாப் போதும், ஒரு ஃபாரத்தோட முடிஞ்சிடும். நாளைக்கே நான் டூலிகிட்ட சொல்லிடறேன்."

"அவ காசு குடுத்துட்டான்னு டூலிகிட்ட நான் சொல்லிட்டேன்."

கோரின் அவனைப் பார்த்தாள். அவனுக்கு அந்தப் பார்வை புதிது. சண்டை போடும்போது வருகிற பார்வை இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிற மேட்சில் கடிகாரத்தைப் பார்ப்பாளே, அப்படி இருந்தது.

"காருக்கு ஃபாரம் இருக்கு" என்றாள் மெதுவாக. "எல்லாப் பொண்ணும் என்ன கார், யாரு பேர்ல, யாரு ரிப்பேர் பண்ணதுன்னு எழுதிக் குடுக்கணும். போன வாரம் நான்தான் எல்லார்கிட்டயும் குடுத்தேன். எதையும் மறைக்காதீங்கடின்னு சொல்லிக் குடுத்தேன்."

"அவ எழுதியிருப்பாளா?"

"யெசீனியாவா? பெனால்டில பந்து கோட்டத் தாண்டிருச்சுன்னு நடுவருக்கு முன்னாடியே கைய தூக்கற பொண்ணு அவ."

*

புதன்கிழமை காலையிலிருந்து காற்று வடக்கே திரும்பியிருந்தது. மத்தியானம் பொடிப்பனி விழ ஆரம்பித்தது. கீழே நிற்காமல் ரோட்டின் மேல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடியது. பஸ்களுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு ட்வைட் வீடு திரும்பியபோது, வாசலில் பெரிய கோச் ஹால்வர்சனின் வண்டி நின்றது. நாலு வருஷத்தில் அவர் இந்த வீட்டுக்கு வந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் யாரையாவது வேலையை விட்டு எடுத்த சமயம்.

அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆறிப்போன ரோலைத் தின்றுகொண்டிருந்தார். பனி உருகி நாற்காலிக் காலடியில் தேங்கியிருந்தது. கோரின் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள்.

"வாய்யா ட்வைட். உன் பொண்டாட்டி கைப்பக்குவம் மான்டானாக்காரனுக்குப் போகப்போகுது. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

"இன்னொன்னு எடுத்துக்கங்க."

"வேணாம், டாக்டர் திட்டுவான்." விரலை நக்கினார். "டூலி என்னையும் கூப்பிட்டா. ஃபாரத்துல ஒண்ணு இருக்கு, நீ ஒண்ணு சொல்லியிருக்க. இதுல ஒண்ணுமே இல்ல, புரியுதா? பொண்ணு அவசரத்துல தப்பா எழுதிட்டா. இன்னொரு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"எழுதுவாளா?" என்றாள் கோரின்.

"எழுதாம? அடுத்த வருஷம் யாரு கோல்ல நிக்கணும், யாருக்கு ஸ்காலர்ஷிப் நீடிக்கணும்னு ஒவ்வொரு வசந்தத்துலயும் யாரு முடிவு பண்றா? சாமியா?" சிரித்தார். "பாரும்மா கோரின், எனக்கும் டிசம்பர்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். என் டீம் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி எனக்கு ஆகாது. மான்டானாக்காரன் திங்கக்கிழமை எனக்குப் போன் பண்றான். உன்னப் பத்தி நல்லதாத்தான் சொல்லணும்னு இருக்கேன். என்னை வேற மாதிரி சொல்ல வச்சிடாத."

போகும்போது ட்வைட்டின் தோளில் தட்டினார். அந்தத் தட்டில் கோபமே இல்லை. நாய்க்குட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் கோரின் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதிடு."

"கோரி."

"எழுதிடு ட்வைட். ரெண்டே வரி. பதினாலு வருஷம். நீ எத்தன குளிர்காலம் நாலரை மணிக்கு எந்திரிச்சுப் போயிருக்க? அதுக்கெல்லாம் சேத்து எழுது. என்னால இன்னொருத்தன்கிட்டப் போய் உதவின்னு நிக்க முடியாது. முப்பத்தொம்பது வயசாச்சு. இது போச்சுன்னா இன்னொண்ணு வராது."

அவன் பேனாவை எடுத்தான். தேதி போட்டான். பெயரை எழுதினான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கை, அதற்கு மேல் ஓடவில்லை. அவன் எழுதவில்லையே என்று அவளும் வற்புறுத்தவில்லை. தாள் மேஜை மேலேயே கிடந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு லிண்டி தட்டு வைக்க வந்தபோது கோரின் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

*

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு யெசீனியா வந்தாள். எடை தூக்கும் பயிற்சி முடிந்து நேராக வந்திருந்தாள். ஈரத் தலையில் பனி உறைந்து முடி கயிறு கயிறாய் நின்றது. கோட்டைக் கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை. உள்ளே வந்து, கதவோரம் கால் துடைக்கிற துணியிலேயே நின்றுகொண்டாள்.

"மிஸ்டர் எச், உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன். சாரி." ஹோஸ்டெட்லரைப் பெண்கள் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீ என்னம்மா பண்ண? வண்டி எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுது. அதான் ஃபாரத்துல உங்க பேர எழுதினேன். நல்லாச் செஞ்சு குடுத்தாங்கன்னு தெரியட்டுமேன்னு." கோட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துக் கோரினிடம் நீட்டினாள். "கோச் ஹால்வர்சன் புது ஃபாரம் குடுத்தாரு. மிஸ்டர் எச்சுக்குக் காசு குடுத்துட்டேன்னு எழுதணுமாம்."

"சரி" என்றாள் கோரின்.

"எந்தத் தேதில குடுத்தேன்னு போடறதுன்னு தெரியல. அதத்தான் கேக்க வந்தேன்."

கோரின் தாளை வாங்கினாள். பிரிக்கவில்லை.

"உனக்கு இத எழுத சம்மதமா?"

"நீங்க எழுதச் சொன்னா எழுதறேன் கோச். எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. அங்க யாரு என்ன சொன்னாலும் கோச் கோரின் சொல்றத மட்டும் கேளுன்னு." பெண் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நீங்க போகப்போறீங்கன்னு டிரெஸ்ஸிங் ரூம்ல பேசிக்கறாங்க. நெசமா?"

ட்வைட் யெசீனியாவின் கார்டன் சிட்டி வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். உதவி கோச்சின் வேலையில் பாதி, டீமுக்குப் பெண்களைக் கேட்டு அம்மாக்களின் சமையலறையில் உட்காருவதுதான். பெரிய கோச் கையெழுத்துக்கு மட்டும் வருவார். யெசீனியாவின் அம்மா அமலியா இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிறவள். ஷிப்ட் முடிந்து வந்தவளுக்கு விரல்கள் மடங்காமல், கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கி வைத்தாள் என்று கோரின் வந்து சொல்லியிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து, உங்கள் பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அஞ்சு ஊரிலும் அதைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் மனசாரத்தான் சொன்னாள். அடுத்த ஊருக்குப் போகும்போது அந்த அம்மாக்களுக்குச் சொல்லிக்கொண்டு போனதில்லை. சொல்ல நேரமிருக்காது.

"நெசம்தான்" என்றாள் கோரின். "உன்கிட்ட நானே சொல்லியிருக்கணும்."

"பரவால்ல கோச்." பெண் தலையாட்டினாள். "அப்ப தேதி?"

கோரின் தாளைப் பிரித்தாள். கீழே ஹால்வர்சன் ஏற்கெனவே சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நாலாய் மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்தாள்.

"தேதி ஒண்ணும் வேணாம். நீ எழுதினது சரி. அது அப்படியே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, ஃபாரத்த நான் வாங்கி வச்சுக்கிட்டேன்னு சொல்லு."

"கோச் ஹால்வர்சன் கேட்டா?"

"அவர் கேட்டாலும் அதேதான்."

பெண் போனதும் கோரின் சுவரில் சாய்ந்து நின்றாள். ட்வைட் கிட்டே போகத் தயங்கினான்.

"என்னால வந்தது" என்றான்.

"உன்னாலதான்" என்றாள் அவள். "பேசாம வந்து என்னப் பிடிச்சுக்க."

*

வெள்ளிக்கிழமை காலை மிசஸ் டூலியின் அறை நெருப்பாய்ச் சூடேறியிருந்தது. மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். ட்வைட் சுத்தமான சட்டை போட்டிருந்தான். நகத்துக்குள் கறுப்பு மட்டும் போகவில்லை. தான் சொன்னது பொய் என்று சொன்னான். அது செவ்வாய்க்கிழமை ராத்திரியே தனக்குத் தெரியும் என்று கோரின் சொன்னாள். புது ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

டூலி அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள்.

"பிரேக்குங்கறது ஒரு மத்தியான வேலை மிசஸ் ஹோஸ்டெட்லர். ஒரு லெட்டர் எழுதி மூடியிருப்பேன். அவர் போன்ல சொன்னதும், நீங்க மூணு நாள் தெரிஞ்சும் பேசாம இருந்ததும், அதத்தான் நான் இப்ப எழுதியாகணும். இந்தப் பேப்பரையும் சேத்து. எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது."

"அந்தப் பொண்ணு?"

"அவ மேல ஒண்ணும் வராது, என் பக்கத்துலருந்து." கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

வெளியே வந்ததும், வண்டியில் உட்கார்ந்தபடியே, கோரின் மான்டானாவுக்கு அவளாகவே போன் போட்டாள். விசாரித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்றாள். ட்வைட் ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் நல்லவன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றான். மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். இரண்டு மணிக்குக் கூப்பிட்டான். நாலே நிமிஷப் பேச்சு. அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொள்கிறார்களாம்.

மூன்று மணிக்கு ஹால்வர்சனிடமிருந்து ஒரு வரி வந்தது. அவள் வேலை டிசம்பர் முப்பத்தொன்றோடு சரி. சாவிகளைத் திங்கட்கிழமை ஆபீஸ் பெண்ணிடம் கொடுக்கவும். அதற்குக் கீழே, அவள் கேட்காமலே இன்னொரு வரி. வசந்தகாலப் பயிற்சிக்கு வேறு ஒரு கோல்கீப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த லிண்டிக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் செல்லோப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"அப்ப நாம இங்கயேவா?"

"கொஞ்ச நாளைக்கு. அப்பாவுக்கு ஷெட் இருக்கு" என்றாள் கோரின். "அப்புறம் தெரியல."

"சரி" என்றாள் லிண்டி. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. படியில் பாதி ஏறி நின்று, "அம்மா, அந்த அக்கா கார்தான நம்ம வாசல்ல கத்திட்டே வந்து நின்னது? பயமா இருந்துச்சு அந்தச் சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்சு மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. கோரின் பெரிய விளக்கைப் போடாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து கார்டன் சிட்டி நம்பரை ஸ்பீக்கரில் போட்டாள். ட்வைட் வாசற்படியில் நின்றான். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் தொழிற்சாலையின் இரைச்சல், தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம், யாரோ ஸ்பானிஷில் கூப்பிடுகிற சத்தம்.

"கோச்? என் பொண்ணுக்கு என்ன ஆச்சு? அடிபட்டுடுச்சா?"

"இல்ல அமலியா, இல்ல. நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் மூச்சு இறங்குவது வாசற்படிவரை கேட்டது.

"அப்ப எதுக்கு கூப்பிட்டீங்க?"

"நான் டிசம்பரோட இந்த டீம விட்டுப் போறேன். முன்னாடியே சொல்லணும்னு தோணுச்சு." கோரின் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "நான் போனப்புறம் அவளுக்கு இங்க நல்லதா இருக்காது. அடுத்த வருஷம் கோல்ல நிக்க விட மாட்டாங்க. ஸ்காலர்ஷிப்பையும் நிறுத்தலாம். வேற காலேஜ் பாக்கறது நல்லது. எனக்குத் தெரிஞ்ச நாலு பேர் பேர நான் அவகிட்ட குடுக்கறேன்."

அந்த அம்மா ஓரமாய் ஒதுங்கியிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"அவ ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா கோச்?"

"இல்ல."

"எங்கிட்ட மறைக்காதீங்க. பையன் கியன் ஏதாச்சும்?"

"இல்லம்மா. ஒரு ஃபாரத்துல நடந்தத நடந்தபடி எழுதிட்டா. அத மாத்தி எழுதச் சொன்னாங்க, மாத்தல."

தொழிற்சாலையில் இடைவேளை முடிந்த சைரன் ஊதியது. அது நீளமாக ஊதி ஓயும்வரை அந்த அம்மா காத்திருந்தாள்.

"அதுக்கா?" என்று கேட்டாள்.

யாருடைய சமையலறையில் உட்கார்ந்தாலும், எந்த அம்மா எதைக் கேட்டாலும் கோரினிடம் ஒரு பதில் இருக்கும். ட்வைட் அந்தப் பதில்களைக் கேட்டே பதினாலு வருஷம் ஆகிவிட்டது.  

"சொல்லுங்க கோச். அதுக்கா?"

"ஆமா" என்றாள் கோரின்.